பழைய இரத்தமும் சுடுதண்ணிப் பையும்

காலையில் தொழிற்சாலையில் தேயிலை எடை போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லாரியிலிருந்து சாக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு சாக்கில் ஈரம் அதிகம் என்று வழக்கம்போல நான் கத்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. இரத்த வங்கியில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஸ்டெல்லா. "அண்ணே, டாக்டரம்மா போயிட்டாங்க" என்றார். சாக்கைப் பிடித்திருந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, யாருங்க?" என்றார். "நம்ம ரத்த டாக்டரம்மா" என்றேன். அவர் தலையில் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அன்று எந்தச் சாக்கையும் நான் திருப்பி அனுப்பவில்லை.

குன்னூரில் எங்கள் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியைப் பல வருடங்கள் நடத்திய டாக்டர் சுகிர்தம் அவர்களைப் பற்றி, இரத்தம் கொடுக்கும் நம் குழுவிலிருந்து யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் கை காட்டினீர்கள். "நீங்கதானுங்க அந்தம்மாகிட்ட அதிகமா சண்டை போட்டவரு" என்றும் சொன்னீர்கள். நியாயம்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இலையைத் தூளாக்கும் டீமேக்கராக இருப்பவனுக்கு இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசியே பழக்கம். வீட்டிலும் அதே குரல், ஆஸ்பத்திரியிலும் அதே குரல். டாக்டரம்மாவோ எதிரில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் தன் குரலை உயர்த்த மாட்டார். நாம் ஓய்ந்ததும், "முடிஞ்சுதுங்களா டீமேக்கரே? இப்ப நான் சொல்லட்டுங்களா?" என்பார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு அவருக்குக் கடைசிவரை மாறவில்லை. பாதிக் கோபம் அந்தக் கேள்வியிலேயே இறங்கிவிடும்.

எங்கள் முதல் சண்டை என் மனைவி மல்லிகாவை வார்டில் சேர்த்திருந்தபோது நடந்தது. மல்லிகாவுக்குச் சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். மலையில் மேடு ஏறாமல் எங்கே போவது? அப்படியே சமாளித்துக்கொண்டிருந்தாள். பிறகு கர்ப்பப்பையில் கட்டி வந்து, உதிரப்போக்கு நிற்காமல் போய், முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அவளுடையது நெகடிவ் வகை. இரத்த வங்கியில் அந்த வகையில் இருந்ததே இரண்டு பை. மலையில் எல்லோரும் அந்தப் பையை இன்னும் பாட்டில் என்றுதான் சொல்கிறோம்.

இரத்த வங்கி கீழ்க் கட்டடத்தில், வார்டு மேட்டில். நோயாளியோடு வந்தவர்கள்தான் பாட்டிலை வாங்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். அன்று போனவர் என் மாமனார். இலங்கையில் தோட்ட வேலை பார்த்துவிட்டுத் தாயகம் திரும்பி, கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓய்வு பெற்றவர். மகள் என்றால் உயிர். பாட்டிலைக் கையில் வாங்கியதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐப்பசி மழை, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்கும் குளிர், அதில் பனிக்கட்டியாக ஒரு பை. மலையில் காய்ச்சல்காரருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம். இதை எப்படிப் பெற்ற பெண்ணின் உடம்பில் ஏற்றுவது? வார்டில் சிஸ்டர், "டாக்டரம்மா வரட்டும், ஒக்காருங்க" என்று சொன்னது அவருக்கு வசதியாகப் போயிற்று. மல்லிகாவுக்காகக் கொண்டு வந்திருந்த ரப்பர் சுடுதண்ணிப் பையில் கொதிக்கக் கொதிக்க நீர் நிரப்பினார். அதையும் இரத்தப் பையையும் சேர்த்து அணைத்து, ஸ்வெட்டருக்குள் விட்டு, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்து இரண்டு முறை சுடுதண்ணீர் மாற்றியும் இருக்கிறார். இப்படி ஒரு காரியத்தைச் சமவெளியில் எவனும் செய்யமாட்டான். எங்கள் மலைக்காரர்களுக்குத்தான் தோன்றும்.

டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வங்கியிலிருந்து தான் கொடுத்தனுப்பிய இரத்தம் ஏறத் தொடங்கும்போது தானே வந்து நோயாளி பக்கத்தில் உட்காருவார். கேட்டால், "இன்னொருத்தர் ரத்தம் விருந்தாளி மாதிரிங்க. வந்த ஊட்டுல எப்படி நடந்துக்குதுன்னு கொஞ்ச நேரம் ஒக்காந்து பார்க்கோணும்" என்பார். அன்றும் வந்தார். "ஐயா, பாட்டில் எங்கீங்க?" என்றார். மாமனார் பெருமையோடு கம்பளியை விலக்கி எடுத்துக் கொடுத்தார். "நல்லா வெதுவெதுன்னு வச்சிருக்கேன் தாயி. இனி புள்ளைக்குக் குளிராது."

டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அசையாமல் வைத்திருந்ததில் அணுக்கள் அடியில் இறங்கி, மேலே நீர் பிரிந்து நின்றது. வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய அந்த நீர் சிவந்து கிடந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பையைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மாமனாரின் தோளைத் தொட்டு, "உங்க சூடு நல்ல சூடுதானுங்க ஐயா. எடம்தான் மாறிப்போச்சு. புள்ளை காலு சில்லுன்னு கெடக்குது பாருங்க, அங்க வெச்சு விடுங்க" என்றார். மாமனார் ஓடிப்போய் வைத்தார். மல்லிகா அன்று முதல் முறையாகக் கண்ணை மூடி நன்றாகத் தூங்கினாள். தான் ஒரு பாட்டில் இரத்தத்தைக் கெடுத்துவிட்டோம் என்பது அந்த மனிதருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகுதான் தெரியும். அதுவும் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லித்தான்.

என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். "இது ஆகாதுங்க. சூட்டுல அணு ஒடைஞ்சுபோச்சு. இன்னொன்னு இருக்குது. ஆனா அது பழசு, வெச்சிருக்கக்கூடிய நாள் முடியப்போகுது. வேற ஆருக்காச்சும்னா கண்ண மூடிட்டுக் குடுத்திருப்பேன். மல்லிகாவுக்கு அப்படியே குடுக்க எனக்கு மனசில்லீங்க" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஃபிரிஜ்ஜுல ரத்தத்த வெச்சுக்கிட்டு என் பொண்டாட்டி சாகறத வேடிக்கை பார்க்கறீங்களா? பழசாம், புதுசாம்! என்ன, மீனா வாங்கறோம்?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீங்கள் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெண்டாட்டி அந்த நிலைமையில் கிடக்கும்போது கத்தாதவன் எதற்குத்தான் கத்துவான்?

"முடிஞ்சுதுங்களா டீமேக்கரே?" என்றார். அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னார். "ரத்தத்த எடுத்து வெச்சுட்டா அது பாட்டுக்குத் தூங்கும்னு நெனைக்கறீங்க. இல்லீங்க. நாளாக ஆக அணு ஒன்னொன்னா ஒடையும். உள்ளார இருக்கற செவப்புச் சத்து வெளிய வந்து தண்ணில கலந்துடும். உங்க மாமனார் கொஞ்ச நேரத்துல பண்ணினத, ஃபிரிஜ் பல நாள்ல மெதுவா பண்ணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"கலந்தா என்னங்க?"

"அந்தச் செவப்பு அணுவுக்குள்ள இருக்கற வரைக்கும் காத்தைச் சுமக்கும். நல்ல ஆளு. வெளிய வந்துட்டா வேற வேலை பார்க்கும். நம்ம ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒரு வாயு சுரக்குதுங்க. குழாயை இறுகவிடாம தளர்த்தி வெச்சிருக்கறது அதுதான். இந்தச் செவப்பு அந்த வாயுவப் புடிச்சு இல்லாமப் பண்ணிடும். குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். மொதல்ல அடி வாங்கறது நுரையீரல். பர்லியார் வளைவுல மண்ணு சரிஞ்சு பாதி ரோட்டை அடைச்சா என்னாகும்? கீழ இருந்து வர்ற லாரியெல்லாம் நின்னு திணறும். அந்த மாதிரி, நுரையீரல்ல வழி சுருங்கினா ரத்தத்தத் தள்ற இருதயம் திணறும். நல்ல நுரையீரலா இருந்தா தாங்கிக்கும், ஒன்னும் தெரியாது. மல்லிகாவுக்கு வால்வு சுருங்கினதுல ஏற்கனவே அங்க பிரஷர் ஏறித்தான் கெடக்குது. அது மேல நான் இன்னும் மண்ணைக் கொட்டலாமுங்களா?"

எனக்கு என் தொழில்தான் புரிய வைத்தது. "பறிச்ச இலையச் சாக்குல அமுக்கி வெச்சா உள்ளுக்குள்ள சூடேறிச் செவந்து போகும். அது மாதிரிங்களா?" என்றேன்.

"அதேதானுங்க. செவந்த இலைய நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சு எடுத்துப் போட்டுடுவேன். நல்ல இலைய மட்டும் தூளாக்கறதுக்கு வாடப் போடுவேன்."

"நானும் அதைத்தான் பண்ணப்போறேன். கொஞ்சம் பொறுங்க."

கீழே போனார். அந்தப் பழைய பையைச் சுழல விட்டு அணுக்களை அடியில் இறக்கி, இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, மேலே நின்ற நீரை வேறொரு பைக்குத் தள்ளிவிட்டார். கெட்டியான அணுக்கள் மட்டும் மிஞ்சின. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கொண்டு வந்து சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மல்லிகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் அவள் கழுத்து நரம்பில் இருந்தது. நடுவில் ஒரு முறை மல்லிகாவுக்கு மூச்சு கனத்தது. சட்டென்று சொட்டை நிறுத்தி, தலைப்பக்கம் தலையணையை ஏற்றி வைத்து, காத்திருந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூச்சு சீரானதும் முன்னைவிட மெதுவாக விட்டார். "இப்படி விட்டா எப்பங்க முடியும்?" என்று நான் முனகினேன். "பதறாத காரியம் சிதறாதுங்க. பழசுன்னா விஷமில்லை. அவசரமாப் போனாத்தான் வம்பு" என்றார். மல்லிகாவிடம், "உங்க ஊட்டுக்காரரு எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று கேட்டார். அவள் கஷ்டப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போய் அழுதேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. திரும்பி வந்தபோது டாக்டரம்மா தன் கைக்குட்டையை நீட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிற்பாடு கோயம்புத்தூரில் வால்வையும் விரித்துவிட்டார்கள். அதற்கு ஏற்பாடு செய்ததும் டாக்டரம்மாதான்.

இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வது என்று கேட்கப் போனேன். முதல் தரத் தூள் ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குது. ஆனா எனக்கு வேண்டியது இது இல்லீங்க" என்றார். மே மாத சீசனில் ஊரெல்லாம் இரத்த தான முகாம் நடக்கும். ஒரே நாளில் பை பையாகச் சேரும், எல்லாம் சேர்ந்தே பழசாகும். மழை மாதங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அடைமழை பெய்யும் தேவாலா பக்கம் ஆனி, ஆடியில் பஸ் ஓடுவதே பெரிய விஷயம். அப்போது ஃபிரிஜ்ஜில் இருப்பதெல்லாம் நாள் முடியப்போகும் சரக்குத்தான். "முகாம் வேண்டாமுங்க. கொஞ்சம் கொஞ்சமா வாங்க. வாரா வாரம், முறை வெச்சு. மழையில வாங்க" என்றார். ஒரே நாளில் மலை மாதிரி இலை வந்து குவிந்தால் எந்த டீமேக்கர் நல்ல தூள் எடுப்பான்? நம் குழு அப்படித்தான் தொடங்கியது. குடை பிடித்துக்கொண்டு, காலில் அட்டை ஏறி, இரத்தம் கொடுக்க நாம் போய் நின்ற நாட்களில், "வழியில அட்டைக்குக் குடுத்தது போக மிச்சம் எனக்கு இருக்குதுங்களா?" என்று அவர் கேட்காத நாளே இல்லை.

என் மாமனாரையும் சொல்ல வேண்டும். உண்மை தெரிந்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. மல்லிகாவின் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் இரத்த வங்கி வாசலில் நின்றுகொள்வார். யார் பாட்டிலோடு வெளியே வந்தாலும் மறித்து, "கம்புக்கூட்டுல இடுக்காதீங்க, ஸ்வெட்டருக்குள்ள விடாதீங்க, அடுப்புக்கிட்ட கொண்டுபோகாதீங்க. குளிர் அதுக்குப் பழக்கம்" என்று பாடம் நடத்துவார். சிஸ்டர் ஸ்டெல்லா, "இவருக்கு ஒரு ஸ்டூல் போட்டுடலாமா டாக்டரம்மா?" என்று கேலி செய்வார். டாக்டரம்மா நிஜமாகவே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

ஒரு நாள் கீழே சமவெளியிலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர் டாக்டரம்மாவின் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "பழைய இரத்தமோ புது இரத்தமோ, நோயாளிகள் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை என்றுதானே மேடம் இப்போது சொல்கிறார்கள்?" என்றார். எனக்குக் கை பரபரத்தது. இதோ சண்டை என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். டாக்டரம்மா, "ஆமாங்க, சரியாத்தான் சொல்றாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை" என்று சொல்லி அவருக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த இளம் டாக்டர் போனதும், "அப்புறம் எதுக்குங்க எங்களை மழையில போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று கேட்டேன். "பெரும்பாலானவங்க போக மிச்சம் ஒருத்தி வருவாள்ல டீமேக்கரே. அவளுக்கு" என்றார். அந்த ஒருத்தியின் கையால்தான் நான் தினமும் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அசதி வந்தது. தன் இரத்தத்தைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டார். எலும்புக்குள் இரத்தம் ஊறுவது நின்றுகொண்டிருந்தது. ஏற்றிக்கொண்டுதான் நாளைக் கடத்த வேண்டும். நம் குழுவில் செய்தி பரவியதும் எமரால்டிலிருந்தும் தேவாலாவிலிருந்தும் ஆட்கள் ஜீப் பிடித்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டாக்டரம்மாவுக்கு இன்று எடுத்த இரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்று நாம் ஒற்றைக் காலில் நின்றோம். அவர் கட்டிலில் படுத்தபடி ஸ்டெல்லாவிடம், "எதுக்கு நாள் முடியப்போகுதோ அதக் கொண்டா" என்றார்.

நான் கத்தினேன். வழக்கம்போலத்தான். "ஊருக்கெல்லாம் புதுசு வேணும், உங்களுக்கு மட்டும் பழசா?"

"முடிஞ்சுதுங்களா டீமேக்கரே?" குரல் மெலிந்திருந்தது, வார்த்தை மாறவில்லை. "என் நுரையீரல் நல்லாத்தானுங்க இருக்குது. பழசை அது தாங்கும். நான் புதுசை வாங்கிக்கிட்டு, நாளைக்கு ஒரு மல்லிகா வந்து நின்னா ஸ்டெல்லா என்ன பண்ணுவா?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வருத்தப்படாதீங்க. எது ஏத்தினாலும் எஸ்டேட் ரத்தம்தான். பாதி ஒடம்பு எஸ்டேட்டா ஆகிப்போச்சு. இனி எனக்கும் லீவு, போனஸெல்லாம் கேளுங்க" என்று அவரே பேச்சை மாற்றினார்.

கடைசி முறை இரத்தம் ஏறியபோது நானும் மல்லிகாவும் பக்கத்தில் இருந்தோம். கையில் ஏறும் குளிர் உடம்பெல்லாம் பரவி டாக்டரம்மா நடுங்கினார். கம்பளி போதவில்லை. மல்லிகா கூடையைத் திறந்தாள். அவள் அப்பாவின் அந்தப் பழைய ரப்பர் சுடுதண்ணிப் பை. கிளம்பும்போது மாமனார் கொடுத்தனுப்பியிருந்தார். "காலுக்கு மட்டும் வை புள்ள, வேற எங்கயும் வச்சிராத" என்று வாசல்வரை வந்து சொன்னாராம். மல்லிகா வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, டாக்டரம்மாவின் பாதத்தில் வைத்து, அவர் காலைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. டாக்டரம்மா கண்ணைத் திறந்து என்ன என்று பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். "இப்பத்தான் சரியான எடத்துல இருக்குது" என்றார்.

அடக்கம் செய்த அன்று தூறல். கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது என்பது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வழுக்கும் படிகள். மாமனார் வயதை நினைத்துக் கீழேயே நின்றுகொண்டார். நான் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். மல்லிகா நிற்கவில்லை. கை நிறையப் பூவோடு, ஒரே சீராக ஏறிப்போய், மேல் படியில் நின்று திரும்பி, "மெதுவா வாங்க" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

டாக்டரம்மாவிடமிருந்து எது என்னிடம் இருக்கிறது என்று எழுதச் சொன்னீர்கள். அவர் பேச்சு உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. மழையில் முறை வைத்துப் போகும் பழக்கமும் இருக்கிறது. இந்த வாரமும் நான்கு பேர் போய்வந்தார்கள். சுடுதண்ணிப் பை எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இவையெல்லாம் போக, எனக்கென்று அவர் கொடுத்துவிட்டுப் போனது ஒன்றுதான். அது அன்று எனக்கு முன்னால் அந்தப் படிகளில் ஏறிப்போனது.